படகில் கிரில் அடுப்பு: தேர்வும் பாதுகாப்பும்

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் கரையோரக் கடல்களிலும், ஐரோப்பாவின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் பொழுதுபோக்குப் படகு வைத்திருப்போர், நங்கூரமிட்ட இடத்திலேயே மீனையும் இறைச்சியையும் சுட்டு உண்பதற்காகக் கிரில் அடுப்பு ஒன்றைப் படகில் பொருத்திக்கொள்வது பரவலான வழக்கம். கம்பித் தட்டின்மேல் வைத்த உணவை நேரடி அனலில் சுடும் அடுப்பே கிரில் எனப்படுகிறது. வீட்டுக் கொல்லையில் இது எளிய கருவிதான். படகில் ஏறியதும் அதைச் சுற்றியுள்ள எல்லாமே மாறிவிடுகின்றன. தரை ஆடுகிறது, காற்று திசை மாறுகிறது, அருகிலேயே பெட்ரோல் தொட்டி இருக்கிறது, தீப்பிடித்தால் ஓடுவதற்குத் தண்ணீரைத் தவிர வேறு இடமில்லை. ஆயினும் கடைகளில் இந்த அடுப்புகள் சுடுதட்டின் பரப்பு, வெப்பத் திறன், உலோகத்தின் பளபளப்பு என்ற வரிசையிலேயே வாங்குவோர் முன் வைக்கப்படுகின்றன. பாதுகாப்பை முன்னிறுத்தினால் வரிசை தலைகீழாக வேண்டும்: எரிபொருள் கசிந்தால் அது எங்கே போய்ச் சேரும், எரிந்தபின் வரும் வாயு எங்கே போகும், அடுப்பு எந்த இடத்தில் தொங்கும் என்ற மூன்றும் தீர்ந்த பிறகே அடுப்பின் உடலைப் பற்றிப் பேசுவதற்குப் பொருளுண்டு.

மரக்கலத்தில் நெருப்பு வளர்ப்பது பழைய கலை. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட ஆங்கிலப் போர்க்கப்பலான மேரி ரோஸின் அடித்தளத்தில், பெருங்கொப்பரைகளைத் தாங்கும் செங்கல் அடுப்புகள் கட்டப்பட்டிருந்தன. இந்தியப் பெருங்கடலில் ஓடிய தௌ வகைப் பாய்க்கலங்களில், மணல் பரப்பிய மரப்பெட்டிக்குள் விறகு எரித்துச் சமைத்தார்கள். பிரிட்டனின் விக்டரி போர்க்கப்பலில் பிரோடி என்பவரின் பெயரால் அறியப்படும் பெரிய இரும்பு அடுப்பு இருந்தது. செங்கல், மணல், இரும்பு என்று பொருள் வேறுபட்டாலும் இவை அனைத்தும் ஒரே ஆபத்துக்குக் கண்ட விடைகள்: அனல் மரத்தைத் தொடக்கூடாது. விறகு தானாகக் கசிவதில்லை என்பதால் அந்த விடை அக்காலத்துக்குப் போதுமானதாக இருந்தது.

திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு, அதாவது எல்பிஜி, படகின் சமையலிடத்துக்கு வந்தபோது ஆபத்தின் இயல்பே மாறிற்று. புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களை அழுத்தத்தால் திரவமாக்கி உருளையில் அடைத்ததே எல்பிஜி; இவற்றுள் புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கும், பியூட்டேன் 2 மடங்கும் கனமானவை. வீட்டில் கசியும் வாயு தரையோடு படர்ந்து கதவிடுக்கு வழியாக வெளியேற ஓரளவேனும் வழியுண்டு. படகோ எல்லாப் பக்கமும் அடைத்துச் செய்த ஒரு கிண்ணம். தண்ணீரை உள்ளே விடாத அதே உடல், கனமான வாயுவை வெளியே விடுவதில்லை. கசிந்த வாயு படிப்படியாக இறங்கி, தரைப்பலகைக்குக் கீழே கசிவுநீர் தேங்கும் பில்ஜ் என்னும் அடிப்பள்ளத்தில் போய்ப் படிகிறது. நீர் இறைக்கும் பம்பின் சுவிட்ச், மின்கலத்தின் இணைப்புகள், என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று பொறி தெறிக்கக்கூடிய சாதனங்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்திலோ அதை ஒட்டியோதான் இருக்கின்றன.

காற்றில் புரோப்பேன் 2.1 விழுக்காட்டுக்கும் 9.5 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட அளவில் கலந்திருந்தால் பொறி பட்டதும் தீப்பற்றும்; அதற்குக் குறைந்தால் எரிவதற்கு வாயு போதாது, மிகுந்தால் காற்று போதாது. இந்தக் கீழெல்லை எவ்வளவு தாழ்ந்தது என்பதை ஒரு கணக்கு காட்டும். சிறு கிரில்களோடு அமெரிக்காவில் மிகுதியும் பயன்படும், ஒருமுறை தீர்ந்ததும் எறியப்படும் உருளையில் சுமார் 465 கிராம் புரோப்பேன் உள்ளது. அது முழுவதும் வெளியேறினால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாகும், 2.1 விழுக்காடு என்ற அளவில் பரவினால் சுமார் 12 கன மீட்டர் காற்றை வெடிக்கத்தக்கதாக மாற்றிவிடும். சிறு படகுகள் பலவற்றின் உள்ளறை இந்த அளவைத் தாண்டாது. கையில் ஏந்தும் அளவே உள்ள உருளை என்பதால் அதை மெத்தைக்கடியிலுள்ள பெட்டியிலோ சமையலறை அலமாரியிலோ போட்டுவைப்பவர்கள், தங்கள் படகை முழுவதும் நிரப்பப் போதுமான அளவை அங்கே வைத்திருக்கிறார்கள். கசிவை உணர்த்துவதற்காக வாயுவில் மெர்காப்டான் என்னும் நாற்றப்பொருள் சேர்க்கப்படுகிறது. ஆனால் வாயு காலடியில் படிய மூக்கு மேலே இருக்கிறது, தூங்குபவர் நாற்றத்தை உணர்வார் என்று நம்பவும் முடியாது. படகுகளில் வாயுக் கண்டறி கருவியின் உணரி தாழ்வான இடத்தில் பொருத்தப்படுவது இதனால்தான்.

கசியும் வாயுவைப் போலவே எரிந்த வாயுவும் கவலைக்குரியது. எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, நிறமோ மணமோ இல்லாதது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைந்து, உடலை உள்ளிருந்தே மூச்சடைக்கச் செய்வது. 2014 சனவரியில், வட இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் கட்டியிருந்த எஷ்கோல் என்ற சிறு மீன்பிடிப் படகில், குளிருக்காக எரிவாயு அடுப்பின் கிரில்லை ஏற்றிவைத்துவிட்டு உறங்கிய மீனவர் இருவர் கார்பன் மோனாக்சைடு நஞ்சால் உயிரிழந்தனர். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை அந்த விபத்தை ஆராய்ந்தது. படகில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. சுடுவதற்கென அமைந்த அடுப்பு அறையைச் சூடாக்கப் பயன்பட்டதே அங்கே நேர்ந்தது என்பதையும், அத்தகைய பயன்பாடு குளிர்ப்பகுதிப் படகுகளில் எவ்வளவு இயல்பாக வந்துவிடுகிறது என்பதையும் அடுப்பு வாங்குவோர் மறக்கக்கூடாது. படகைப் பொறுத்தவரை இந்த நஞ்சுக்கு மேலும் ஒரு கொடுமை உண்டு. அதன் முதல் அறிகுறிகளான தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை கடல்மயக்கத்தின் அறிகுறிகளேயாதலால், பாதிக்கப்பட்டவரை உள்ளறையில் படுத்து ஓய்வெடுக்கும்படி சொல்வது வழக்கமாகிவிடுகிறது. அதாவது, நஞ்சு மிகுந்திருக்கும் இடத்துக்கே அவர் அனுப்பப்படுகிறார். பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் செயல்படும் படகுப் பாதுகாப்புத் திட்டம், தங்கும் அறையுள்ள படகுகளுக்குக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. கிரில்லின் விலையோடு ஒப்பிட்டால் அக்கருவியின் விலை சிறிது. அதை வாங்காமல் கிரில்லை மட்டும் வாங்குவதற்கு நியாயமே இல்லை.

இந்த இயற்பியல் பொழுதுபோக்குப் படகுக்கு மட்டும் உரியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் தங்கும் விசைப்படகுகளிலும் மூவேளைச் சோறு படகிலேயே ஆகிறது. அங்கே கிரில்லுக்கு வேலையில்லை என்றாலும், உருளையும் அடிப்பள்ளமும் உறங்கும் அறையும் அதே உறவில்தான் அமைந்திருக்கின்றன.

எரிபொருள்களில் அடுப்புக்கரியைப் பற்றி நீண்ட ஆய்வு வேண்டியதில்லை. கரியில் சுட்ட மீனின் சுவைக்கு இணையில்லை என்று பலரும் சொல்வது உண்மையாயினும், படகில் அதற்கு இடமில்லை என்பதே இங்கு எட்டப்படும் முடிவு. எரிவாயுவின் குமிழை மூடினால் தீ அணைந்துவிடும். கரிக்கு அத்தகைய குமிழ் கிடையாது. பெரிய படகு ஒன்று அருகே கடந்து செல்ல, அதன் அலையில் கிரில் கவிழ்ந்தால் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டுகள் தளமெங்கும் உருளும். தீப்பொறி காற்றில் பறந்து பாயிலோ, துணிக்கூரையிலோ, பின்னால் கட்டியிருக்கும் காற்றடைத்த சிறு தோணியிலோ விழும். இவை யாவும் எளிதில் உருகும் செயற்கை இழையாலோ நெகிழிப் பொருளாலோ ஆனவை. சமையல் முடிந்த பிறகும் நீறுபூத்த கரி மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மழைக்கோ பனிக்கோ பயந்து அணைந்ததுபோல் தோன்றும் அடுப்பை உள்ளே எடுத்துவைப்பது உயிருக்கே உலைவைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் தகரத்தட்டுக் கரியடுப்புகளின் அடிப்பகுதி நேரே தளத்தில் அமர்வதால், அவை கண்ணாடியிழைத் தளத்தின் பிசினையும் கருக்கிவிடும். கரிதான் வேண்டும் என்பவர்கள் கரையிறங்கிச் சுடலாம்.

சாராய அடுப்பு, அதாவது எத்தனால் கலந்த ஸ்பிரிட்டில் எரியும் அடுப்பு, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாய்ப்படகுகளில் மிகுதியாக இருந்தது. தண்ணீரோடு கலக்கும் எரிபொருள் ஆதலால் ஒரு வாளித் தண்ணீரில் அணைந்துவிடும் என்ற எண்ணம் அதற்குப் பாதுகாப்பானது என்ற பெயரைத் தேடித்தந்தது. எண்ணம் முற்றிலும் தவறன்று. ஆனால் போதிய அளவு நீர் சேராதபோது எரியும் சாராயம் அந்நீரின் மேலேயே பரவி ஓடும். அதன் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல் என்பதால், அணைந்துவிட்டதென்று கருதிச் சூடான அடுப்பில் எரிபொருளை ஊற்றித் தீப்பற்றியதே அதன் வழக்கமான விபத்து. வெப்பமும் குறைவு: ஒரு கிலோ எத்தனால் தரும் வெப்பம், ஒரு கிலோ புரோப்பேன் தருவதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். தேநீருக்கும் சோற்றுக்கும் போதுமான அது, கிரில்லின் கடும் அனலுக்கு ஏற்றதன்று.

மின்சார கிரில்லில் சுடரும் இல்லை, கசிவும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. படகுத்துறையில் கட்டி, கரையிலிருந்து மின்னிணைப்புப் பெற்றிருக்கும் படகுக்கு இதைவிடப் பாதுகாப்பானது வேறொன்றில்லை. நங்கூரமிட்ட இடத்தில் நிலைமை வேறு. 1500 வாட் கிரில் ஒன்றை 12 வோல்ட் மின்கலத்திலிருந்து இன்வெர்ட்டர் வழியாக இயக்கினால், இழப்பையும் சேர்த்து 135 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். 100 ஆம்பியர்-மணி கொள்ளும் லித்தியம் மின்கலம் முழுதாக நிரம்பியிருந்தாலும் ஒரு மணி நேரம் தாங்காது. அவ்வளவு மின்னோட்டத்துக்கு மெல்லிய கம்பியோ தளர்ந்த இணைப்போ இருந்தால், தீ அடுப்பிலிருந்து நீங்கிக் கம்பியில் பிறக்கும். மின்சாரத்துக்காகக் கையடக்க ஜெனரேட்டரை ஓட்டத் தொடங்கினாலோ, அதன் புகைவழி கார்பன் மோனாக்சைடு மீண்டும் படகேறிவிடுகிறது. ஆகவே மின்கலமும் கம்பியும் இதற்கென்றே திட்டமிட்டு அமைக்கப்பட்ட படகுகளுக்கு மட்டுமே, துறையை விட்டு நீங்கியபின் மின்சார கிரில் பொருந்தும்.

இவ்வாறு கழித்துப் பார்த்தால், பெரும்பாலோருக்கு எஞ்சுவது புரோப்பேன் கிரில்தான். அதைப் பாதுகாப்பானதாக்குவதில் பெரும்பங்கு அடுப்பைவிட இடத்துக்கே உரியது. படகின் பின்புறத்தை, அதாவது அமரத்தைச் சுற்றியுள்ள கைப்பிடிக் கம்பியில், உடல் முழுவதும் கம்பிக்கு வெளியே நீருக்கு மேலாகத் தொங்கும்படி பொருத்துவதே நீண்ட அனுபவத்தில் நிலைபெற்ற முறை. முன்புறமாகிய அணியத்தில் நங்கூரமிட்ட படகு, நீரோட்டம் குறுக்கிடாதவரை, காற்றை நோக்கி முகம் திருப்பியே நிற்கும். அப்போது புகையும் பொறியும் அமரத்திலிருந்து படகை விட்டு விலகிச் செல்லும். கனமான வாயு கசிந்தாலும் நீர்மேல் விழுந்து காற்றோடு போய்விடும். ஆனால் துறையில் கட்டியிருக்கும் படகு காற்றுக்கேற்பத் திரும்புவதில்லை. காற்று பின்னாலிருந்து வீசினால் அதே கிரில் புகையையும் கார்பன் மோனாக்சைடையும் திறந்த வாயில் வழியே உள்ளறைக்குள் தள்ளும். ஓடும் படகின் பின்னால் உண்டாகும் காற்றுச்சுழல் அவ்வாயுவை மீண்டும் படகுக்குள் இழுக்குமாதலால், படகு ஓடும்போது கிரில்லை ஏற்றவே கூடாது.

அமரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது வியப்பூட்டும் அளவுக்குக் கவனிக்கப்படாமல் போகிறது. சிறு தோணிக்கான வெளிப்பொருத்து என்ஜினும் அதன் பெட்ரோல் கலனும் அதே பின்கம்பியில்தான் மாட்டப்படுகின்றன. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது, எளிதில் தீப்பற்றுவது. கிரில் ஒரு மூலையிலும் பெட்ரோல் மறுமூலையிலும் இருப்பது குறைந்தபட்சத் தேவை. பெட்ரோல் கலனை அணியத்துக்குக் கொண்டுபோய்விட்ட பின்பே தீமூட்டுவது நல்ல பழக்கம். கம்பிக்கு மேலே துணிக்கூரை நீண்டிருந்தால், அதன் நிழலுக்கு வெளியே கிரில் இருக்கும்படி தாங்கியின் கரம் போதிய நீளம் உடையதாக இருக்க வேண்டும்.

அடுத்தது இணைப்பு. படகின் சமையலடுப்புக்கு ஏற்கெனவே எல்பிஜி அமைப்பு இருந்தால், கிரில்லையும் அதிலிருந்தே எரிக்க முடியும். அத்தகைய அமைப்புக்கு அமெரிக்கப் படகு மற்றும் பாய்க்கலக் கழகம் வகுத்த ஏ-1 என்ற தரவிதி அடிப்படை: உருளைகள் உள்ளறையோடு தொடர்பற்ற, மேலே திறக்கும் பெட்டியில் இருக்க வேண்டும், அப்பெட்டியின் அடியிலிருந்து அரை அங்குலத்துக்குக் குறையாத துளையுள்ள குழாய் ஒன்று படகுக்கு வெளியே இறங்க வேண்டும், அதன் வாய், படகின் உட்பகுதிக்குச் செல்லும் எந்தத் திறப்பிலிருந்தும் 20 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். கனமான வாயு தானாக வடிந்து வெளியேறுவதற்குக் குடியிருப்புப் படகில் அமையக்கூடிய மிக எளிய, மிக உறுதியான ஏற்பாடு இதுவே.

இணைக்கும்போது பலர் தடுமாறும் இடம் ரெகுலேட்டர். உருளையிலிருந்து வரும் மிகுந்த, மாறும் அழுத்தத்தைக் குறைந்த, நிலையான அழுத்தமாக்குவது அதன் வேலை. சிறு உருளைக்கென விற்கப்படும் கிரில்லில் அதற்கென ஒரு ரெகுலேட்டர் சேர்ந்தே வரும். ஏற்கெனவே அழுத்தம் குறைக்கப்பட்ட படகின் குழாயில் அதையும் சேர்த்து மாட்டினால், இருமுறை குறைந்த அழுத்தத்தில் சுடர் தளர்ந்து, காற்றில் அணைந்து அணைந்து எரியும். ரெகுலேட்டரே இல்லாமல் உருளையை நேரே இணைப்பது இதற்கு எதிர்த்திசைப் பிழை. அதன் விளைவு கொடியது. அமெரிக்காவில் 11 அங்குல நீர்மட்ட அழுத்தம், அதாவது சுமார் 27 மில்லிபார், வழக்கம். ஐரோப்பாவில் 30, 37, 50 மில்லிபார் எனப் பல அளவுகள் உண்டு. எனவே ஒரு நாட்டில் வாங்கிய கிரில்லை மற்றொரு நாட்டுப் படகில் பொருத்துமுன், அடுப்பில் பொறித்துள்ள அழுத்தத்தைப் படிப்பது கட்டாயம்.

சிறு உருளைகளில் ஒரு மெய்யான நன்மை உண்டு: அவை கிரில்லோடு சேர்ந்து கம்பிக்கு வெளியே தொங்குவதால், படகுக்குள் குழாயே ஓடுவதில்லை. தீங்கு அவற்றைக் கழற்றிய பின் தொடங்குகிறது. பாதி தீர்ந்த உருளையின் வால்வு எப்போதும் முழுமையாக மூடிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மெல்லிய எஃகு உடல் உப்புக்காற்றில் துருவேறும். பாதி உருளைகளுக்கும் உபரி உருளைகளுக்கும் உரிய இடம் வாயு வடியும் பெட்டி, அல்லது திறந்த தளத்தில் கம்பியோடு கட்டிய பை. மீண்டும் நிரப்பத்தக்க சிறு உருளைகள் வால்வின் தரத்தில் மேம்பட்டவை. ஒருமுறை பயன்படும் ஒரு பவுண்டு உருளைகளின் விற்பனையைக் கலிஃபோர்னியா 2028 தொடக்கத்திலிருந்து தடைசெய்யச் சட்டம் இயற்றியிருப்பதால், மீண்டும் நிரப்பத்தக்கவற்றுக்கு மாறுவோர் பெருகுவர்.

இவ்வளவும் தீர்ந்தபின் அடுப்பின் உடலுக்கு வரலாம். கடற்படகுக்கு 316 என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகே தகும். வீட்டுக் கிரில்களில் காணும் 304 வகையில் இல்லாத மாலிப்டினம் அதில் 2 முதல் 3 விழுக்காடு உள்ளது, உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தில் குழிபறிப்பதை அது தடுக்கிறது. நன்னீர் ஏரியில் மட்டும் ஓடும் படகுக்கு 304 போதும். துரு இங்கே அழகு பற்றிய கேள்வியாக நிற்பதில்லை: பர்னரின் துளைகள் துருவால் அடைபடும்போதோ பிளந்து அகலும்போதோ சுடர் சீர்கெட்டு, கார்பன் மோனாக்சைடு மிகுகிறது. சுடர் காற்றில் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் தெர்மோகப்பிள் அமைப்பு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். சுடரின் சூட்டில் உண்டாகும் சிறு மின்னழுத்தம் வால்வைத் திறந்து பிடித்திருக்க, சுடர் போனதும் அது மூடிக்கொள்வதே அதன் இயக்கம். கையடக்கக் கிரில்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. தாழிட்டு நிற்கும் மூடி, உணவு சரியாதபடி உயர்ந்த விளிம்புள்ள தட்டு, படகு சாய்ந்தாலும் கொழுப்பு வழியாத ஆழமான சேகரிப்புக் கிண்ணம் ஆகியவை அடுத்துக் கவனிக்க வேண்டியவை. தாங்கியை இரு இடங்களில் பற்றும் வகையில் தேர்வது நலம். தூண்டிற்கோல் செருகும் குழாயில் ஒற்றைக்காலில் நிற்கும் தாங்கிகள் விலை குறைந்தவை, மாட்டுவதற்கும் எளியவை. ஆனால் அவை அலையில் சுழலாமலிருக்கத் தனிப் பூட்டு வேண்டும்.

படகுத்துறைகளுக்குத் தத்தம் விதிகள் உண்டு. துறையில் கட்டிய படகுகளில் கரியடுப்பையோ எல்லாவகைத் திறந்த சுடரையுமோ தடைசெய்யும் துறைகள் பல. படகுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் இடத்தில் ஒருவரின் தீ பலரின் தீயாகிவிடுமாதலால், அவ்விதிகள் கடுமையாக இருப்பது முற்றிலும் சரியே.

பயன்பாட்டில் நிலைக்க வேண்டிய பழக்கங்கள் சில. உருளையை மாற்றும்போதெல்லாம் அம்மோனியா கலவாத சோப்புநீரை இணைப்புகளில் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும்; தீக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடுவது தற்கொலைக்கு ஒப்பானது. கொழுப்பு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது: நீர் நொடியில் ஆவியாகி எரியும் கொழுப்பை நாற்புறமும் வாரி இறைக்கும். மூடியை மூடி, கைக்கு எட்டினால் வால்வை அடைத்து, அடங்காவிடில் தீயணைப்புப் போர்வையையோ அணைப்பானையோ பயன்படுத்த வேண்டும். அவை கிரில்லுக்கு அடியிலோ பக்கத்திலோ இல்லாமல், தீயைக் கடக்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் இருப்பது அவசியம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதிப்படி, ஒருமுறை பயன்படும் அணைப்பான்களை உற்பத்தியான ஆண்டிலிருந்து 12 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பழைய படகு வாங்குவோர் சுவரில் தொங்கும் அணைப்பானின் ஆண்டைப் படித்துப் பார்ப்பது நல்லது. சமையல் முடிந்ததும் முதலில் உருளையின் வால்வை மூடி, குழாயில் எஞ்சிய வாயு எரிந்து சுடர் தானாக அணைந்த பிறகே அடுப்பின் குமிழைத் திருக வேண்டும். குமிழை மட்டும் மூடிவிட்டுப் போனால் குழாய் முழுவதும் வாயு அழுத்தத்தோடு நிற்கும். உருளையைக் கழற்றுவது அடுப்பு ஆறிய பின்னர்.